ஒரு சப்பாத்து நீளம்

நெய்தல் எஃப்.சி. ஓல்டனுக்கு வந்தது
ஆகஸ்ட் மாதத்து ஒரு புதன் மாலை.
நீலச் சட்டை, முதுகில் நல்லெண்ணெய் விளம்பரம்.
சம்பளத்துக்குப் பந்தடிக்கிற பெண்கள்.
இங்கத்தையப் பெட்டைகளில் பாதிப்பேர்
வங்கியிலிருந்து, பல் வைத்தியரின் வரவேற்பு மேசையிலிருந்து
நேரே வந்து, பாணைக் கடித்தபடி உடை மாற்றுகிறவர்கள்.

நடுவர் ரேகுலா பெயர்களை உடைத்து உடைத்து வாசித்தாள்.
கோல்கீப்பர் பொற்குழலி
'பொர்குட்சாலி' ஆனாள்.
நான் திருத்தவில்லை.
கோட்டோரம் ஓடுகிறவளுக்குத்
தொண்ணூறு நிமிடம் கொடிதான் தாய்மொழி.

"சிலோன்காரியாட்டி?" என்றாள் ஒருத்தி.
"போட்டி, பிரேசில். தொடையப் பாரு."
குனிந்து சப்பாத்து நூலை அவிழ்த்துத்
திரும்பக் கட்டினேன்.

இருபத்து மூன்றாம் நிமிடம்.
ஏழாம் எண், சகாய பிரின்ஸி,
மீன் வலையைக் கிழித்துக்கொண்டு போவதுபோல் போனாள்.
பந்து உள்ளே. கை உயர்த்தி ஓடிவந்தவள்
என் கொடியைப் பார்த்தாள்.
"கொடி பிடிக்கிறவளுக்கு
ரெண்டு கண்ணும் அவிஞ்சு போச்சாட்டி!"
முழு மைதானத்திலும்
அந்த வசனம் விளங்கிய ஒரே வெளியாள்
கொடியை இறக்காமல் நின்றேன்.
பின்னால் சூரிச் ரயில் போய் முடியுமட்டும்.

முப்பத்தொன்று. எல்லைக்கோட்டில் எறிபந்து.
பந்தைத் துடைத்தபடி என்னருகே வந்தாள்.
வியர்வையில் தலைமுடி நெற்றியோடு ஒட்டியிருந்தது.
வாயை அசைக்காமல் சொன்னேன்:
"ஒரு சப்பாத்து நீளம், தங்கச்சி.
அவ்வளவுதான் முன்னுக்கு நிண்டனீர்."

எறிந்தாள். எறிகையில்
திடுக்கிட்ட பின்னங்கால் மேலே எழும்பிற்று.
பிழையான எறிதல்.
அதற்கும் கொடி தூக்க வேண்டியதாயிற்று.
நான் என்ன செய்ய?

நாற்பத்து நாலில் அவளே போட்டாள்.
இம்முறை கோட்டோடு கோடாக;
கொடி என் தொடையோடு கிடந்தது.
ஓல்டன் பயிற்சியாளர் ஹன்ஸ்யோர்க்,
ஐந்து பருவமாக என்னைச் 'சூபி' என்று கூப்பிடுகிறவர்
(சுபோஜினி அவருக்கு நீளம்),
தண்ணீர்ப் போத்தலை உதைத்துவிட்டுச் சொன்னார்:
"தெரியும்தானே. உன்ர ஆக்கள்."
ரேகுலாவுக்குக் கேட்கவில்லை. அல்லது
மணிக்கூட்டைப் பார்ப்பது அப்போது அவளுக்கு அவசியமாக இருந்தது.

இடைவேளைக்குப் பிறகு என் பக்கத்துக் கம்பங்களுக்கு
பொற்குழலி வந்தாள்.
விஷயம் அறைக்குள் பரவியிருந்தது போலும்;
யாரும் என் தொடையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.
எழுபதாம் நிமிடம் ஓல்டன் சமன் செய்தது.
பல் வைத்தியரின் வரவேற்புப் பெண்தான் அடித்தாள்.
பொற்குழலி கையுறையோடு என்னிடம் ஓடிவந்தாள்.
திட்டவில்லை.
"அக்கா... முன்னாடி நின்னாக்கா. பாத்தீங்கல்லா?"

கண் அவிஞ்சுபோச்சு என்றது எவ்வளவோ சுகம்.
மூலைக்கொடியைப் பார்த்தேன்.
அது காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.
அவள் முன்னுக்கு நிற்கவில்லை, பொற்குழலி.
ஒரு நகக்கண் அளவும் இல்லை.

ஒன்றுக்கு ஒன்று. விசில்.
அறுபது பிராங் கடித உறையில், ஒரு வாட்டிய சொசேஜ்,
சீலை மடிப்பதுபோல் கொடியை மடிக்கிறேன்.
பஸ் யன்னலைத் திறந்து பிரின்ஸி கத்தினாள்:
"அக்கா, சப்பாத்துன்னா பூட்ஸா?"
"ஓம்!"
"எந்த சைஸ்?"
பஸ்ஸுக்குள் எல்லாரும் சிரித்தார்கள்.
சொல்வதற்குள் டிரைவர் திருப்பிவிட்டான்.
முப்பத்தாறு. உன்னுடையதைத்தான் சொன்னேன்.

இரவு நித்திரை வரவில்லை.
சகாய பிரின்ஸியின் முதல் கோல் சரி,
எழுபதாம் நிமிடமும் சரி.
பிழை, பிழையாக இருந்திருந்தால்,
அறுபத்தோராம் நிமிடம்:
ஓல்டனின் இடப்பக்கப் பெண் தனியே ஓடுகையில்
கொடியை உயர்த்தினேனே, அது.
வெயில் கண்ணில் அடித்தது.
அவள் சரியென்று திரும்பி நடந்தாள்.
பயிற்சியாளரும் பேசவில்லை, பஸ்ஸும் பேசவில்லை.
யாரும் கத்தாத அந்த ஒன்றுதான்
காலை ஐந்து மணி வேலைக்கு
என்னோடு ரயிலேறுகிறது.